சீரியலில் ஒரு சாவு வரும்போது: கதை மேசை முதல் புரோமோ வரை

சினிமாக்காரர்களிடம் இல்லாத ஒன்று தினசரித் தொடர் எடுப்பவர்களிடம் இருக்கிறது: நாட்காட்டி. படத்தில் அப்பா செத்தால், ‘ஆறு மாதங்களுக்குப் பிறகு’ என்று எழுத்துப் போட்டுத் தாண்டியாக வேண்டும். சீரியலில் அப்பா ஆவணியில் போனால் ஐப்பசியில் தீபாவளி தானாகவே வந்து நிற்கும். பார்ப்பவர் வீட்டிலும் அதே வாரம்தான் தீபாவளி. அவர்கள் தெருவிலும் அந்த வருஷம் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாத வீடு ஒன்று இருக்கும். துக்கத்தைச் சொல்ல இவ்வளவு பொருத்தமான வடிவம் வேறு எந்தக் கலைக்கும் வாய்க்கவில்லை. நம் தொடர்களோ சாவை மட்டும் பத்துப் பன்னிரண்டு எபிசோடு அலற விட்டுவிட்டு, அடுத்த வாரமே அந்தக் குடும்பத்தை நிச்சயதார்த்தப் புடவை எடுக்க அனுப்பிவிடுகின்றன. இந்தக் குறிப்புகள் முழுக்க அந்த விகிதத்தைத் திருப்பிப் போடுவதற்கானவை.

கதை மேசையில்

ஒரு பாத்திரத்தைச் சாகடிக்கும் யோசனை பெரும்பாலும் கதையிலிருந்து பிறப்பதில்லை. நடிகரின் தேதி கிடைக்காது, வியாழக்கிழமை வரும் டிஆர்பி இறங்கியிருக்கும், அல்லது ட்ராக் மாற்ற ஒரு சாக்கு தேவைப்படும். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். முடிவெடுக்கும் முன் ஒரு பக்கத்தில் நான்கு விடைகளை எழுதுங்கள். போகிறவர் அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் யார்? எதனால் போகிறார், எவ்வளவு நேரத்தில்? கடைசியாக யாரிடம் என்ன பேசினார்? அடுத்த ஆறு மாதம், அதாவது வாரத்துக்கு 6 நாள் என்றால் ஏறத்தாழ 150 எபிசோடு, இந்த இழப்பைச் சுமந்து நடக்கப்போவது எந்தப் பாத்திரம்? நான்காவது கேள்விக்கு விடை இல்லையென்றால் சாகடிக்காதீர்கள். துபாய்க்கு வேலைக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் மகள் வீட்டில் போய்த் தங்கட்டும். சுமக்க ஆளில்லாத சாவு பார்ப்பவரிடம் எதையும் விட்டுச் செல்வதில்லை.

இரண்டாவது கேள்வியில் சோம்பல் வேண்டாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி ரகசியம் சொல்லிவிட்டுச் சாயும் காட்சியை எல்லோரும் பார்த்துச் சலித்தாயிற்று. விபத்து என்றால் போஸ்ட்மார்ட்டம் முடியாமல் உடல் வீடு வராது. பிணவறை வாசலில் காத்திருப்பு, விசாரணைக்கு வரவேண்டிய காவலருக்காக இன்னும் ஒரு காத்திருப்பு, எதிர் டீக்கடையில் யாரோ வற்புறுத்திக் கொடுக்கும் டீ, ‘ஆதார் அட்டை யார்கிட்ட இருக்கு?’ என்ற கேள்வி. ஐசியூ என்றால் ஒருவருக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். யார் உள்ளே போவது என்ற அந்த ஒரு நிமிடத்திலேயே குடும்பத்தின் மொத்த உறவுக் கணக்கும் வெளிப்படும். அழுகையே இல்லாமல் ஒரு எபிசோடு முழுவதையும் இது தாங்கும்.

சேதி சொல்லும் காட்சி

கையிலிருந்து போன் நழுவுவது, பூஜையறையில் விளக்கு அணைவது, தட்டு விழுந்து உருளுவது, மூன்று கோணங்களில் மூன்று ஜூம். இவற்றை அடியோடு விட்டுவிடுங்கள். இவை வரும்போதே பார்ப்பவர் சாவை ஊகித்து, மனசை மூடிக்கொண்டு விடுகிறார்.

நம் ஊரில் சாவுச் சேதிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ‘அப்பாவுக்கு ரொம்ப முடியல, உடனே கிளம்பி வா’ என்பார்கள். போனை வைக்கும்போதே மகனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் யாரும் சொல்லாத அந்த ஆறு மணி நேரப் பேருந்துப் பயணம் இருக்கிறதே, அதை எடுங்கள். நடத்துநர் சில்லறை கேட்பார். பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாய்ந்து தூங்குவார். வசனம் வேண்டாம், இசையும் வேண்டாம். தெருமுனையில் ஷாமியானாவைப் பார்க்கும் இடத்தில் எபிசோடு முடியட்டும்.

நேரில் சொல்லும் காட்சி என்றால் உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல், ‘இறந்துட்டார்’ என்ற சொல்லோடு சொல்லுங்கள். மருத்துவர்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவதும் இதையே. கேட்பவர் உடனே அலறத் தேவையில்லை. ‘காலைல சாப்பிட்டாரா?’ என்று கேட்பார். அடுப்பை அணைக்கப் போவார். சம்பந்தமில்லாத அந்தச் செயலில்தான் அதிர்ச்சி இருக்கிறது. கிளிசரின் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் தேவைப்படும்.

குழந்தைக்குச் சொல்லும் காட்சி தனிக் கவனம் கேட்கிறது. ‘தாத்தா தூங்குறாங்க’, ‘சாமிகிட்ட போயிருக்காங்க’ என்று எழுதாதீர்கள். தூக்கம் என்று கேட்ட குழந்தை தூங்கப் பயப்படும். ஊருக்குப் போனதாகக் கேட்டது வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அமெரிக்கக் குழந்தைத் தொடரான செசமி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். வேறொருவரை நடிக்க வைக்கவும் இல்லை, ஓய்வுபெற்று ஊருக்குப் போனதாகச் சொல்லவும் இல்லை. ஹூப்பர் இறந்துவிட்டார் என்றே எழுதினார்கள். தொடரின் பொம்மைப் பாத்திரமான பெரிய மஞ்சள் பறவை அவருக்கென்று வரைந்த படத்தோடு வந்து நிற்கும்; அவர் இனி வரமாட்டார் என்பதைப் பெரியவர்கள் அதற்குச் சொல்வார்கள். 1983 நவம்பர் 24 அன்று, பெற்றோர் வீட்டில் இருக்கும் நன்றி நவிலும் விடுமுறை நாளாகப் பார்த்து ஒளிபரப்பினார்கள். எழுத்தில் காட்டிய அதே கவனம் அந்த நாள் தேர்விலும் இருக்கிறது. நம் சேனல்கள் பின்பற்ற வேண்டியது குறிப்பாக இதை.

சடங்கு: கலக்காதீர்கள்

நெல்லைப் பக்கத்து நீர்மாலையும் கொங்குப் பக்கத்துச் சீரும் டெல்டாவின் காடாத்தும் ஒரே வீட்டில் நடந்தால் ஊர்க்காரர்கள் அடுத்த நொடி சேனலை மாற்றுவார்கள். கதைக் குடும்பம் எந்த மாவட்டம், எந்தச் சமூகம் என்று முதல் எபிசோட்டிலேயே தீர்மானித்திருந்தால் இந்தச் சிக்கலே வராது. அந்த ஊரிலிருந்து வயதான ஒரு பெண்மணியை இரண்டு நாள் படப்பிடிப்புக்கு அழைத்து வந்து, சம்பளம் கொடுத்து, மானிட்டர் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிறந்த வீட்டுக் கோடி எப்போது வரும், வாய்க்கரிசி யார் முதலில் போடுவார், நெய்ப்பந்தம் பிடிக்கும் பேரன் எங்கே நிற்பான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவு எந்த உதவி இயக்குநருக்கும் தெரியாது. ஒப்பாரிக்கும் பாடத் தெரிந்த பெண்களையே அழையுங்கள். நடிகைக்கு எழுதிக் கொடுத்த ஒப்பாரி இரண்டாவது வரியிலேயே தனித்துத் தெரியும்.

காரியம் 10, 13, 16 என்று சமூகத்துக்குச் சமூகம் மாறும். யாழ்ப்பாணக் குடும்பம் என்றால் எட்டுச் செலவும் 31-ம் நாள் அந்தியேட்டியும். முஸ்லிம் வீட்டில் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை முடித்து, கூடிய விரைவில் அடக்கம் செய்வார்கள். கர்ப்பமாக இல்லாத மனைவிக்கு இத்தா என்னும் காத்திருப்புக் காலம் 4 மாதம் 10 நாள். மாலை போட்ட போட்டோவும் ஊதுபத்தியும் அங்கே வைத்தால் அது பெரும்பிழை. கிறிஸ்தவ வீட்டில் அடக்க ஆராதனைக்குப் பின்னும் துக்கம் தொடர்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளைத் தொடரின் நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்.

கணவனை இழந்த பெண்ணுக்கு வளையல் உடைத்து, பூவைப் பறித்து, பொட்டை அழிக்கும் காட்சி. எங்கள் கருத்து தெளிவானது: எடுக்காதீர்கள். இரவு 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையே டிவி முன்னால் இருப்பவர்களில் அந்தச் சடங்குக்கு உட்கார்ந்து எழுந்த பெண்கள் ஏராளம். அவர்களுக்கு அதை ஸ்லோ மோஷனில் திருப்பிக் காட்டுவதில் எந்தக் கலையும் இல்லை. கதைக்கு அது தவிர்க்க முடியாதது என்றால், கேமரா அந்தப் பெண்ணின் பக்கம் இருக்கட்டும்: சுற்றி நிற்பவர்களின் முகங்களை அவள் பார்ப்பதாக எடுங்கள். கைகளின் க்ளோசப் வேண்டாம். ‘வேண்டாம்’ என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒரு குரலாவது இருக்கட்டும். மறுநாள் ரீகேப்பிலும் புரோமோவிலும் அந்த ஷாட் கட்டாயம் வரக்கூடாது. உடையலங்காரக் குழுவிடம் வெள்ளைச் சேலை கேட்கும் பழக்கத்தையும் விடுங்கள். இன்று பல பெண்கள் முந்தைய மாதம் உடுத்திய சேலையைத்தான் உடுத்துகிறார்கள். மகள் கொள்ளி வைப்பதாகக் கதை இருந்தால் அவள் வைக்கட்டும், யாரும் அதைப் பற்றிப் பேருரை ஆற்ற வேண்டாம்.

விகிதம்

அரை மணி நேரத்தில் விளம்பரம் போகக் கிடைப்பது 20 முதல் 22 நிமிடம். சாவுக்கும் அடக்கத்துக்கும் சேர்த்து 3 எபிசோடு, காரியத்துக்கு 1 அல்லது 2. அதற்குமேல் போனால் அழுகைக்குப் பழகிப்போய்ப் பார்ப்பவர் எழுந்து வேலை பார்க்கப் போய்விடுவார். மிச்சம் பிடித்த அந்த நேரத்தில் ஒரு பகுதியை அடுத்த ஒரு வருஷத்துக்குப் பிரித்து வையுங்கள். முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு காட்சி, பிறகு 15 நாளுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். அதோடு தேதி குறித்த காட்சிகள்: இறந்தவரின் பிறந்த நாள், முதல் தீபாவளி, முதல் பொங்கல், வருஷத் திதி.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன வைப்பது? போட்டோவைப் பார்த்துப் பேசும் வசனம் மட்டும் வேண்டாம். வீட்டில் நிஜமாக நடப்பவற்றைப் பட்டியல் போடுங்கள். சிலிண்டர் அவர் பெயரில் இருக்கும். புக் செய்ய அவருடைய போன்தான் வேண்டும். வங்கி ஓடிபி செத்தவர் போனுக்கு வரும். அதனாலேயே அந்த எண்ணுக்கு மனைவி மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருப்பாள். பாதி தீர்ந்த பிரஷர் மாத்திரை அட்டை ஃப்ரிட்ஜின் மேல் கிடக்கும். நாலு பேருக்குப் பழகிய கை மூணு பேருக்கு அரிசி அளக்கத் தடுமாறும். ரேஷன் அட்டையில் பெயர் நீக்க வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பிறகு வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம். அங்கே உட்கார்ந்திருக்கும் மருமகளும் மாமியாரும் முதன்முறையாகச் சண்டையில்லாமல் பேசிக்கொள்ளலாம். காரியம் முடிந்து கடைசி உறவுக்காரர் செருப்பு மாட்டும் நிமிடம்தான் பல வீடுகளில் துக்கம் ஆரம்பிக்கும் நேரம். அதற்கென்று ஒரு காட்சி ஒதுக்காத தொடர் சாவை எழுதவே இல்லை.

1969-ல் மனநல மருத்துவர் எலிசபெத் க்யூப்ளர்-ராஸ் முன்வைத்த, மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் ஐந்து நிலைகளை ஐந்து காட்சிகளாக வரிசைப்படுத்தாதீர்கள். சாகப்போகும் நோயாளிகளுடன் பேசி அவர் எழுதியது அது. இழந்தவர்களுக்கான கால அட்டவணையாக அதைப் பின்னால் ஆக்கிவிட்டார்கள். துக்கம் வரிசையில் வராது. நாலாவது மாதம் ஒரு கல்யாண வீட்டில் நன்றாகச் சிரித்துவிட்டு, கைகழுவப் போன இடத்தில் உடைவார்கள். அதை நோயாகவும் காட்டாதீர்கள். நீடித்த துக்கம் என்ற நோய்க்குறியைப் பற்றிப் பேசவே உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 குறைந்தது 6 மாதம் கேட்கிறது.

குழந்தை இழப்பு

படிக்கட்டில் எண்ணெய் ஊற்றிக் கருவைக் கலைக்கும் வில்லி நம் தொடர்களின் நிரந்தரப் பாத்திரம். நிஜத்தில் முதல் மூன்று மாதங்களில் நிகழும் கருச்சிதைவில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் நேர்வது. யாரும் எதுவும் செய்து வந்ததில்லை. ஒவ்வொரு சிதைவுக்கும் ஒரு குற்றவாளியைக் காட்டிப் பழக்கினால், டிவி முன் இருக்கும் பெண் தன் வீட்டில் குற்றவாளியைத் தேடுவாள். பல நேரம் அது அவளாகவே இருக்கும். ‘உங்க மேல எந்தத் தப்பும் இல்லம்மா’ என்று டாக்டர் சொல்லும் ஒரு வரியைக் கட்டாயம் வையுங்கள்.

குழந்தையை இழந்தவள் புத்தி பேதலித்து அடுத்தவள் குழந்தையைத் தூக்குவது இன்னொரு பழைய சரக்கு. பிபிசியின் ஈஸ்ட்எண்டர்ஸ் 2010-11 புத்தாண்டையொட்டி இதைச் செய்தது: தூக்கத்திலேயே குழந்தையைப் பறிகொடுத்த தாய், அதை வேறொருத்தியின் குழந்தையோடு மாற்றி வைப்பாள். ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. குழந்தையை இழந்த பெற்றோரை ஆபத்தானவர்களாகக் காட்டிவிட்டார்கள் என்பதே அவற்றின் சாரம். அந்தக் கதைப் பகுதியை நினைத்ததைவிடச் சீக்கிரமே முடிக்க வேண்டியதாயிற்று. திடீர் மரணத்தைப் பற்றி ஆலோசகர்களிடம் கேட்டு எழுதியவர்கள்தான் அவர்கள். துக்கத்தைப் பற்றி எழுதிய பகுதியில் சறுக்கினார்கள். மருத்துவரிடம் கேட்டால் மட்டும் போதாது, இழந்தவர்களிடமும் ஸ்கிரிப்டைப் படித்துக் காட்ட வேண்டும்.

தற்கொலை என்றால் வேறு விதிகள்

இங்கே ரசனைக்கு இடமில்லை, உயிர்ப் பிரச்சினை. 1996 நவம்பரில் பிபிசியின் கேஷுவல்ட்டி மருத்துவத் தொடரில் ஒருவர் அளவுமீறி மருந்து உட்கொள்ளும் கதை வந்தது. அடுத்த வாரம் அதே வகைக் காரணத்துக்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள் 17 சதவீதமும், அதற்கடுத்த வாரம் 9 சதவீதமும் கூடியதாக 1999-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆய்வு வெளிவந்தது. திரைத்துறையினருக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. நம் வேலைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை:

- வழிமுறை, பொருள், இடம் எதுவும் திரையில் தெரியக்கூடாது, வசனத்திலும் வரக்கூடாது.
- ஒரே காரணம் காட்டாதீர்கள். ‘மார்க் குறைஞ்சதால’, ‘அவன் ஏமாத்தினதால’ என்று முடிச்சுப் போடுவது பொய், ஆபத்தும்கூட.
- செத்தபின் பலன் கிடைக்கக்கூடாது. கொடுமைக்கார மாமியார் பிணத்தின் காலில் விழுந்து திருந்தும் காட்சிதான் இருப்பவற்றிலேயே மோசம்.
- கடிதத்தை வாய்ஸ் ஓவரில் வாசிக்காதீர்கள்.
- உதவி கேட்டு மீண்டு வரும் ஒரு பாத்திரமாவது அதே கதைக்குள் இருக்கட்டும்.

‘செத்துடுவேன்’ என்று மிரட்டிக் கல்யாணத்தை நடத்தும் அல்லது நிறுத்தும் ட்ராக்கும் இதில் சேர்த்திதான். பல தொடர்களில் அது அன்றாட ஆயுதமாகிவிட்டது. அதேபோல, பிழைத்தவர் படுக்கைக்கு வந்து ‘கேஸ் போடுவேன்’ என்று அதட்டும் இன்ஸ்பெக்டரை ஸ்கிரிப்டிலிருந்து எடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கச் செய்யும் முயற்சி மட்டுமே 226-ம் பிரிவில் குற்றம். போலீஸுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பயத்தை வளர்க்க வேண்டாம்.

உதவி எண் அட்டை: டெலி மானஸ் 14416, சென்னை சினேகா 044-24640050. கீழே ஓடும் எழுத்தாகப் போடாதீர்கள். முழுத்திரையில், குறைந்தது 8 நொடி, ஒரு குரல் வாசிக்க. எபிசோட்டுக்கு முன்னும் பின்னும். யூடியூபில் ஏற்றும் துண்டுகளிலும் அது வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று ஒருவர் பொறுப்பேற்றுப் பார்க்க வேண்டும். தனித்தனித் துண்டாக வெட்டி ஏற்றும்போது முதலில் காணாமல் போவது அந்த அட்டைதான்.

படப்பிடிப்புத் தளம்

கால்ஷீட் போடும்போதே யூனிட்டில் கேளுங்கள்: சமீபத்தில் வீட்டில் யாருக்காவது சாவு நடந்ததா? லைட்மேனாக இருக்கலாம், மேக்கப் உதவியாளராக இருக்கலாம். அன்றைக்கு வேறு யூனிட்டுக்கு மாற்றிக்கொள்ள, காரணம் விளக்காமலேயே, அவருக்கு வழி இருக்க வேண்டும். பிணமாகப் படுப்பவரின் ஷாட்களை ஒன்றாகச் சேர்த்து முதலில் முடித்துவிடுங்கள். மூக்கில் பஞ்சும் கழுத்தில் ஈர மாலையுமாக அரை மணி நேரத்துக்கு மேல் கிடத்தினால் மூச்சு வயிற்றில் தெரியும், டேக் வீணாகும். பல யூனிட்டுகளில் அவரை எழுப்பிச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்து, பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். நம்பிக்கை இல்லாதவர்களும் அதற்கு நேரம் ஒதுக்குங்கள். அந்த நடிகர் வீட்டுக்கு லேசான மனசோடு போவார்.

குழந்தை நடிகர்களுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது: நாளுக்கு 5 மணி நேரம், இடைவேளையின்றி 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சாவுக் காட்சிக்கு அதுவே அதிகம். அழ வைக்க ‘உங்க அம்மா செத்துட்டதா நினைச்சுக்கோ’ என்று சொல்லும் இயக்குநரை அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும். குழந்தை அழவே தேவையில்லை. கூட்டத்துக்கு நடுவில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கத் தெரியாமல் முழிக்கட்டும்.

இசைக் கோர்ப்பில் சேதிக்குப் பிறகு முதல் 10 நொடி எதுவும் வேண்டாம். ஃபேன் சத்தம் போதும். ஒலிப் பொறியாளர் ‘காலியா இருக்கே’ என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

விளம்பர இடைவேளையைச் சேதிக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் பாடையை அடுத்து சோப்பு ஜிங்கிள் வரும், இல்லாவிட்டால் ஆயுள் காப்பீடு. சேனலின் விளம்பர அட்டவணைக் குழுவுக்கு ஒரு வாரம் முன்பே சொன்னால் மாற்றித் தருவார்கள். புரோமோதான் மிக ஆபத்தான இடம்: எபிசோடைப் பார்க்க முடிவெடுத்தவருக்கு மனசளவில் கொஞ்சமாவது தயாரிப்பு உண்டு, புரோமோ சமையல் நிகழ்ச்சியின் நடுவில் வந்து விழுகிறது. உடலைக் காட்டாதீர்கள், ‘செத்தது யார்?’ என்று புதிர் போடாதீர்கள். செத்தவரைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் உடலையும் காரியத்தையும் காட்டவே கூடாது, ‘காணவில்லை’ என்றே நிறுத்துங்கள். கொள்ளி வைத்தபின் திரும்பி வரும் அப்பா, திரும்பி வராத அப்பாக்கள் இருக்கும் வீடுகளுக்குச் செய்யும் கொடுமை.

நடிகரே இறந்துவிட்டால்

2023 செப்டம்பர் 8 அன்று ஜி. மாரிமுத்து ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசச் சென்ற நாளில் காலமானார். அவருடைய ஆதி குணசேகரன் பாத்திரத்தைப் பின்னர் வேல ராமமூர்த்தி ஏற்றார். கதையின் அச்சாக இருக்கும் பாத்திரத்துக்கு இது ஒரு வழி. பாத்திரம் சிறியது என்றால் ஊருக்கு அனுப்பலாம், அல்லது பாத்திரமும் இறந்ததாக எழுதலாம். மூன்றாவதைத் தேர்ந்தால் முதலில் குடும்பத்தாரிடம் பேசி, புகைப்படத்துக்கும் பழைய காட்சிகளுக்கும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நிஜ இறுதிச் சடங்கில் எடுத்த காட்சி எதுவும் தொடருக்குள் வரக்கூடாது. உடன் நடித்தவர்களுக்கு நீள வசனம் எழுதாதீர்கள், முதல் டேக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிபரப்பான பின் புகார் வந்தால், கேபிள் டிவி விதிகளின் 2021 திருத்தப்படி சேனல் 24 மணி நேரத்துக்குள் பெற்றதாகத் தெரிவித்து, 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலைச் சட்டப் பிரிவிடம் மட்டும் விடாமல், எழுதியவரும் உட்கார்ந்து படிக்கட்டும். புகார் எழுதும் அளவுக்கு வருத்தப்பட்டவர் அண்மையில் யாரையோ இழந்தவராக இருக்கலாம்.

கடைசியாக, தொடர் ஓடும் காலத்தில் வசனகர்த்தா மாறுவார், எபிசோடு இயக்குநர் மாறுவார். ஆகவே கண்டினியூட்டி கோப்பில் இந்தச் சாவுக்கென்று தனிப் பக்கம் வையுங்கள்: இறந்த தேதி, திதி, வயது, அவர் யாரை எப்படிக் கூப்பிடுவார், அவர் பொருட்களில் எது யாரிடம் இருக்கிறது, யார் இன்னும் அழவில்லை. புதிதாக வருபவர் முதல் நாள் படிக்க வேண்டிய பக்கம் அது.